அதிரும் நாற்காலி

டாக்டரின் குரல் நடுங்கியது.

"ப... பயப்பட ஒ... ஒண்ணும் இல்ல," என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த பதினாலாம் நம்பர் டோக்கன்காரருக்கு ஒரு மாதமாக நெஞ்சுக்குக் கீழே ஒரு வலி. "நீங்களா மாத்திரை போட்டுக்கிட்டது போதும், நல்ல டாக்டரா ஒருத்தரப் பாருங்க" என்று மனைவி அழாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடிக்கு வந்திருந்தார்.

டாக்டரே நடுங்குகிறார் என்றால் விஷயம் பெரிசுதான் என்று மனுஷன் முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம்தான் கவனித்தார். நடுங்கியது டாக்டர் இல்லை, நாற்காலி. உட்கார்ந்தால் முதுகைப் பிடித்துவிடும் மசாஜ் நாற்காலி, பளீரென்று மஞ்சள் நிறத்தில், அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

மஞ்சளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. கடிகாரம், பேனா, ஜன்னல் திரை, மீன் தொட்டி என எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் மாத்திரையின் படம் இருந்தது. அவர் வெளியே காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் கால் சுளுக்கு, காது வலி, படை என்று வந்த அத்தனை பேருக்கும் அந்த மாத்திரைதான். தண்ணீர் கேன் போட வந்தவர்கூட ஒரு சீட்டோடு திரும்பினார்.

"க... கம்பெனில அன்பா கொ... கொடுத்தாங்க. நி... நிறுத்தத்தான் தெரியல," என்றார் டாக்டர். காலையிலிருந்தே இப்படித்தானாம். அதற்காகச் சீட்டு எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

"வலது கைக்கு அடியில சின்னதா ஒரு பட்டன் இருக்கும். ரெண்டு தடவ அமுக்குங்க," என்றார் டோக்கன்காரர்.

நாற்காலி அடங்கியது. டாக்டர் அசந்துபோய், நாற்காலி ரிப்பேர் பார்ப்பவரா என்று விசாரித்தார். இவர் இல்லை என்று தலையாட்டியதோடு சரி.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்த வேகத்தில் எடுத்தார். வலிக்கிற இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் பேனா கடகடவென்று ஓடியது.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆறு மாசம் விடாம போடுங்க. தங்கமான மாத்திரை."

நீட்டிய சீட்டை டோக்கன்காரர் வாங்கவில்லை. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. பெண்ணுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை, வலியோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. யாராவது ஒருத்தர் வயிற்றில் கை வைத்துப் பார்த்து உள்ளதைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் நிஜமாவே பாருங்க டாக்டர். இதே நாற்காலி என் கிளினிக்லயும் இருக்கு."