லிட்டருக்குப் பதினெட்டு

ஆரல்வாய்மொழியை விட்டு ஐந்து கிலோமீட்டர்கூட ஆகவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மைலேஜ் காட்டும் எண் பத்தொன்பதிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது.

டெல்வின் ஆக்சிலேட்டரிலிருந்து காலை இன்னும் கொஞ்சம் எடுத்தான்.

பக்கத்து இருக்கையில் அவன் மனைவி ரீத்தா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

கார் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். இல்லையென்று யார் சொன்னது? இனயத்திலிருந்து மூன்று பஸ் மாறி ஆரல்வாய்மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த டீச்சருக்குப் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் கார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் காரோடு சேர்த்து, அவன் வேலை பார்க்கும் சவூதி தம்மாமிலிருந்து போனில் ஒரு மேஸ்திரியும் வந்துவிட்டான்.

ஏசி போடாதே. கண்ணாடியை இறக்காதே, வண்டி இழுக்கும். பிரேக்கை மிதிக்காதே, மெல்லத் தொடு, பேட்டரியில் சார்ஜ் ஏறும். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடு. டிக்கியில் ஒரு குடைகூட வேண்டாம்.

எல்லாம் செய்தாள். ஆனி மாதத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஐம்பது கிலோமீட்டர் வெந்து, முதல் பீரியடுக்கு நனைந்த ஜாக்கெட்டோடு போய் நின்றாள்.

நாகர்கோவிலில் சத்தியபாய் டீச்சரை ஏற்றிக்கொள்வாள். அதுவும் கூடாதாம். அறுபத்தைந்து கிலோ பாரமாம். இதை ஒரு மனுஷியிடம் எந்த வாயால் சொல்வது? அவள் நிற்கிற ஸ்டாப்பை விட்டு வேறு வழியாகப் போகத் தொடங்கினாள். ஸ்டாஃப் ரூமில் இன்றும் சத்தியபாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் சேர்ந்ததும் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். வீடு சேர்ந்ததும் இன்னொன்று.

காலைப் போட்டோவில் இருபத்திநான்கு இருக்கும். பார்த்தாயா, நான் சொன்னபடி ஓட்டினால் எப்படி வருகிறது என்று பெருமையடித்துக்கொள்வான். மாலைப் போட்டோவில் பதினெட்டு. ஒரு மாதமாக ஒருநாள்கூட அது ஏறவில்லை. அப்புறம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் அவன் குரல் வந்தது.

“ஏட்டி, காலத்த இருபத்திநாலு, வைட்டு பதினெட்டு. வைட்டு நீ எங்க சுத்தீட்டு வாற?”

நல்லவேளை, போனைக் காதோடு வைத்துக் கேட்டாள், வீட்டில் வேறு யார் காதிலும் விழவில்லை.

பதின்மூன்று வருடக் குடும்பம். ஓடிய கிலோமீட்டரும் அதே போட்டோவில்தான் இருக்கிறது. போக ஐம்பது, வர ஐம்பது, ஒன்றுகூட அதிகமில்லை. அதைப் பார்க்க அவனுக்குக் கண் இல்லை.

இப்போது லீவில் வந்திருக்கிறான். ஒருநாள் நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று காலையில் சாவியை வாங்கிக்கொண்டான். தன் கையில் மாலையிலும் இருபத்திநான்கு வந்தால் கார் தம்பி சிஜோவுக்கு, அவளுக்குப் பழையபடி மூன்று பஸ். அதையும் சாப்பாட்டு மேஜையில் வைத்து எல்லோரும் கேட்கவே சொன்னான்.

காலையில் இருபத்தைந்து வந்தது. ஹெட்மாஸ்டரிடம் வரை போய்ச் சொன்னான். பகல் முழுக்கப் பள்ளிக்கூட மதிலோரம் காரிலேயே நிம்மதியாகத் தூங்கினான்.

இப்போது தோவாளை தாண்டுகிறது. பதினேழரை.

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் எண்ணையே பார்த்தான்.

வெள்ளமடத்தில் பதினேழு ஆனது.

“வண்டியில ஏதோ கோளாறு” என்றான்.

ரீத்தாவுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஓட்டினால் நடத்தையில் கோளாறு. இவன் ஓட்டினால் வண்டியில் கோளாறு. எவ்வளவு லேசாக வந்துவிட்டது வாயில்! வைட்டு நீங்க எங்க சுத்தீட்டு வாறிய என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டாள்.

டயரில் காற்றுக் குறைந்திருக்கும் என்று அவன் வண்டியை ஓரங்கட்டினான். கதவு திறக்கவில்லை. யாரோ வெளியிலிருந்து அழுத்திப் பிடித்ததுபோல் இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளி இறங்கினான்.

தலையிலிருந்த கம்பெனித் தொப்பி பறந்தது. வந்த வழியே, தோவாளைப் பக்கமாக உருண்டோடியது. டெல்வின் அதன் பின்னால் ஓடினான்.

ரீத்தா இறங்கிச் சுற்றிவந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். சாவி அதிலேயே இருந்தது.

தொப்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பியவன் பாதி வழியில் நின்றுவிட்டான். சட்டை முதுகுப்பக்கம் புடைத்துப் படபடத்தது. கண்ணைச் சுருக்கி மேற்கே பார்த்தான். ஆனி ஆடியில் வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு, கச்சான் என்கிற மேற்குக் காற்று எப்போது அடங்கும் என்று அவன் அப்பா ஞானதாசன் இப்படித்தான் பார்த்து நிற்பார். அந்த வீட்டுப் பிள்ளை இவன்.

காலையில் முதுகைத் தள்ளிவிட்ட அதே காற்று, இப்போது நெஞ்சில் கைவைத்துத் தடுத்துக்கொண்டிருந்தது. ரீத்தாவுக்கு அது முதல் வாரமே தெரியும். அவளும் கடற்கரையில் பிறந்தவள்தான்.

டெல்வின் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். தொப்பியைக் கையில் வைத்து உருட்டினான்.

“கச்சான்லா எதுக்க அடிக்கி. நீ நேரத்தே சொல்லப்பிடாதா?”

ரீத்தா ஏசியை முழுசாகத் திருப்பிவிட்டாள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. கியரைப் போட்டாள்.

“நீங்க ஏன்னு கேக்கலியே. எங்கன்னுல்லா கேட்டிய.”