நாற்பது மார்க்குத் தையல்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், சரித்திரப் பாடத்தில் நாற்பது மார்க் வாங்காத எவரும் இனி இராயபுரத்தில் சர்க்கார் உதவித்தொகையில் தையல் கற்க முடியாது. இந்தப் பிரகடனத்தைப் படித்து முடித்த சூப்பரின்டெண்ட் வேதமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைக்கிறார். ஜன்னல் வெயிலில் மிதந்து வரும் துறைமுகத்து நிலக்கரித் தூசி, விதிமுறைகளின்மேலும் அவர் வழுக்கையின்மேலும் பாகுபாடின்றி இறங்குகிறது. எதிரே மீன்காரி குப்பம்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். பக்கத்தில் நிற்கும் மகள் வரலட்சுமி வாங்கியிருப்பது முப்பத்தொன்று. ஏலத்தில் பழகிய குரல் எழுகிறது: “நாப்பது ரொம்ப ஜாஸ்தி நைனா. கொஞ்சம் நீ எறக்கு, கொஞ்சம் நான் ஏத்தறேன். முப்பத்தஞ்சுல முடிச்சுக்கலாம்.” “இது மீன் ஏலம் இல்லையம்மா, சர்க்கார் விதி.” “அக்பரு பொறந்த வருசம் தெரியலைன்னா ஊசில நூலு நொழையாதா? இந்தத் துட்டு கெடைக்கலைன்னா நாளைலேர்ந்து இதுவும் என்கூட கூடை தூக்கிகினு அலையணும்யா.” வரலட்சுமி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். வெளியே சரக்கு ரயில் ஒன்று ஊதிக்கொண்டே போகிறது. அது ஓயும்வரை கம்பீரமாகக் காத்திருந்த வேதமாணிக்கம், ‘தகுதி இல்லை’ என்று சிவப்பு மையால் எழுதுகிறார். உதவித்தொகைக்கு இருப்பவை பத்து இடங்கள். விண்ணப்பித்தவள் வரலட்சுமி ஒருத்தி.