எழுபத்தைந்துக்கு மேல்

"எழுபத்தைந்து வயது கடந்தவர்களுக்கு நகரசபைத் தலைவர் தேர்தலில் நம் கட்சி இனி வாய்ப்புத் தருவதில்லை."

மருமகள் தீர்மானத்தைப் படித்து முடித்தாள். எதிரே தலைவர் நாற்காலியில் அவளுடைய மாமனார். வயது எழுபத்தேழு.

கட்சி அலுவலகக் கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"நாலு தடவை ஜெயிச்ச மனுஷன்மா அவர்!"

"வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிட்டு குழி பறிக்கிறியே!"

"வயசுல என்ன இருக்கு? முப்பதுல தூங்கி வழியறவனும் இருக்கான், எண்பதுல ஓடியாடறவனும் இருக்கான்!" என்றார் மூன்றாவது வார்டுக்காரர். போன கூட்டத்தில் குறட்டை விட்டவர் அவர்தான். வயது முப்பத்தெட்டு.

ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

தலைவர் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

"ஏம்மா, உனக்கு நான் என்ன குறை வச்சேன்? உன்னை முதமுதல்ல மேடை ஏத்திவிட்டது யாரு?"

"நீங்கதான் மாமா."

"அப்புறம் ஏன் இப்படி?"

"வயசாயிடுச்சு மாமா." அவள் தலை நிமிரவில்லை.

"கேட்டுக்குங்கய்யா! எனக்கு வயசாயிடுச்சாம்!" தலைவர் கர்ஜித்தார். "எழுதி வச்சுக்குங்க. ஆத்துக்குக் குறுக்கே பாலத்தைக் கட்டி முடிக்காம நான் ஓயமாட்டேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தப் பாலம் திறந்து நாலு வருஷமாகிறது. நாடாவை வெட்டியதே அவர்தான். இன்னொரு பாலம் வரப்போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தட்டினார்கள்.

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் மட்டும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்துக் கத்தியவர்கள் பதினெட்டுப் பேர். பெட்டியைத் திறந்தால் எதிர்ச் சீட்டு ஒன்பதுதான். ஆதரவு பன்னிரண்டு. தீர்மானம் நிறைவேறியது.

சீட்டில் ஆதரித்தவர்களும் வாசலில் நின்று அவளைத் திட்டினார்கள். நல்ல பெயர் யாருக்குத்தான் கசக்கும்?

"வளர்த்த கடா மார்பில பாய்ஞ்சிடுச்சே!"

"நாளைக்கே பாரு, இவதான் வேட்பாளர்."

அவளுடைய காரில் ஏற மாட்டேன் என்று தலைவர் யாரோ ஒருவர் வண்டியில் போய்விட்டார்.

எழுத்தருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'ஒரிஜினல்'. எந்தத் தாளை நீட்டினாலும் "ஒரிஜினல் எங்கே?" என்பார். ஒரு தீர்மானம் முதன்முதலில் எந்தத் தாளில் கையால் எழுதப்பட்டதோ, அந்தத் தாளே கோப்பில் இருக்க வேண்டும் என்பது கட்சி விதி. "நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு பின்னால எவனும் நழுவக்கூடாது" என்று இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த விதியைப் போட்டவரும் தலைவர்தான்.

கூடம் காலியானதும் எழுத்தர் மருமகள் முன்னால் வந்து நின்றார்.

"டைப் அடிச்சதைக் குடுத்திருக்கீங்க. ஒரிஜினல் வேணும்மா."

"கட்டாயம் வேணுமா?"

"அது இல்லாட்டி தீர்மானமே செல்லாது."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுத்தர் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க. காரணம் வயசு இல்லைதானே? அவர் பாலத்தைப் பத்திப் பேசினப்ப உங்க முகத்தைப் பார்த்தேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "போன வருஷமே டாக்டர் சொல்லிட்டார். மறதி. இனிமே கூடத்தான் செய்யுமாம்."

"அதையே சொல்லியிருக்கலாமே! ஊர் வாயில விழாம இருந்திருப்பீங்க."

"அதைச் சொன்னா அவர் ஒருத்தருக்குத்தான் தலைகுனிவு. வயசுன்னா எல்லாருக்கும் வர்றது, யாரும் சிரிக்க மாட்டாங்க."

"புத்தி தெளிவா இருக்கிற பெரியவங்களும் இதுல அடிபடுவாங்களேம்மா?"

"அடிபடுவாங்க. அதை நினைச்சுத்தான் தூக்கமே வரலை."

"அப்ப தேர்தல்ல நீங்க நிக்கப் போறீங்களா?"

"நான் நின்னா, வாசல்ல அவங்க பேசினது நிஜமாயிடுமே!"

ஒரு பெருமூச்சோடு கைப்பையைத் திறந்து தாளை நீட்டினாள். மடித்த இடங்களில் கிழியத் தொடங்கியிருந்தது. பச்சை மை. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. இத்தனை வருஷமாக எழுத்தர் கோப்புக் கோப்பாகப் பார்த்த கையெழுத்து அது. தலைவருடையது. தேதி, பதினோரு மாதத்துக்கு முந்தையது.

எழுத்தர் கடைசி வரைக்கும் படித்தார். தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

"உங்க கையால எழுதிக் குடுங்கம்மா. இதுதான் ஒரிஜினல்னு கோப்புல வச்சுக்கறேன்."

இருபது வருஷத்தில் அவர் விதியை மீறியது அன்றைக்குத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதினாள். கடைசி வரியை மட்டும் எழுதாமல் விட்டாள்.

'இதை எழுதியது நான்தான் என்பதே மறந்துபோய், ஊர் முன்னால் உன்னைத் திட்டுவேன். அப்போதும் விட்டுவிடாதே, மருமகளே.'