சோதனைக்கு ஒரு மூக்குத்தி

கடற்கரையைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் கொடுத்திருந்த மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு மணலில் இறங்குவதற்கு முன் கொம்பையா தினமும் அதைச் சோதித்துப் பார்ப்பான். மனைவி ஆவுடையின் மூக்குத்தியைக் கழற்றி வாங்கி மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைப்பான். அத்தனை சின்னத் தங்கத்துக்கே மெஷின் கத்தினால் அன்றைக்கு அதை நம்பலாம். அதுவரை மூக்கு வெறுமையாக இருக்க வேண்டாமென்று ஆவுடை ஒரு வேப்பங்குச்சியைச் செருகியிருப்பாள்.

இன்றும் மெஷின் கத்தியது. அவன் மூக்குத்தியைத் தோண்டி எடுத்தான். ஆவுடை குச்சியை உருவிப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். அப்போதுதான் மெஷின் பேசியது. ராத்திரி ஏதோ அப்டேட் ஏறியிருந்தது.

"தங்கம். மண்ணுக்குள் இருப்பவை அனைத்தும் குத்தகை நிறுவனத்தின் சொத்து. இயந்திரத்தின் பூட்டுப் பெட்டியில் போடவும்."

"இது எம் பொண்டாட்டி மூக்குத்தி. நாந்தான் இப்பப் பொதச்சேன்."

"உரிமை கோர, பொருள் தொலைந்த தேதியைச் சொல்லவும்."

"தொலையவே இல்லயே."

"தொலையாத பொருளுக்கு உரிமை கோர முடியாது. பெட்டியில் போடும்வரை இயந்திரம் இயங்காது."

கொம்பையா அணைத்துப் போட்டுப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். திருவிழாக் கூட்டம் குளித்துவிட்டுப் போன இடத்தில் மற்றவர்கள் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆவுடை அவன் விரல்களைப் பிரித்து மூக்குத்தியை எடுத்தாள். "வெயில் ஏறுது, போங்க" என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டாள்.

"நன்றி. இன்றைய முதல் கண்டெடுப்பு" என்றது மெஷின்.

அவள் குனிந்து, மணலைக் கையால் துழாவி வேப்பங்குச்சியைத் தேடி எடுத்தாள். சேலையில் துடைத்து மறுபடி மூக்கில் செருகிக்கொண்டாள்.