வாய் திறக்காத பல்லி

மஞ்சரி கணக்குப் போடும் மேசைக்கு மேலே, டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. தன் வாக்கு பலிக்கும் என்பதில் அதற்குத் தலைகால் புரியாத பெருமை. அது ஒரு தடவை 'டிச் டிச்' என்றால் போதும். "பல்லியே சொல்லிடுச்சு, பாஸ்தான்!" என்று மஞ்சரி நோட்டை மூடி, லைட்டையும் அணைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

அரையாண்டுப் பரீட்சையில் அவள் வாங்கியது இருபத்தொன்பது. "என் நேரமே சரியில்ல," என்று அழுதாள்.

"அவ நேரத்தை விடு, நம்ம வயித்தைப் பாரு," என்றது மூலையில் வலை கட்டியிருந்த சிலந்தி. "நீ வாயைத் திறந்தா லைட் அணையுது. லைட் அணைஞ்சா எந்தப் பூச்சி அண்ணே வரும்?"

பல்லி தன் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது. அன்றிலிருந்து, தொண்டைவரை வந்த சத்தத்தைக்கூட விழுங்கிக்கொண்டது. மஞ்சரி தினமும் அண்ணாந்து பார்ப்பாள். ஒரு சத்தமும் வராது. "சரி, இன்னும் ஒரு கணக்கு," என்று பயந்துகொண்டே குனிவாள். ஒன்று நாலாகும், நாலு பத்தாகும். லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கும்.

முழுப்பரீட்சையில் எழுபத்தாறு. அன்று சாயங்காலம் லைட்டைப் போட்டதும், விடைத்தாளைப் பல்லிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள் மஞ்சரி. "நீ ஒரு நாளாவது சொன்னியா? சொல்லாமலேயே வாங்கிட்டேன், பாரு!"

பல்லிக்கும் பதில் சொல்ல ஆசைதான். ஆனால் வாய் நிறைய ஈசல். ஒரு இறக்கை இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.