இரண்டாவது ஆள்

எங்கள் ஸ்டேஷனில் ரயில் கிளம்புமுன் ஒருவர் விரலை நீட்டி, "பிளாட்பாரம் காலி!" என்று கத்த வேண்டும், இன்னொருவர் "சரி!" சொல்ல வேண்டும். பயணி வண்டியோ சரக்கு வண்டியோ, விதி அதுதான். என்னோடு வேலை பார்த்த முனகாத்தா போன குளிர்காலத்தில் செத்துப்போனார். அதன் பிறகும் சரக்குக் கொட்டகைப் பக்கமிருந்து "சரி!" வந்துகொண்டிருந்தது. விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. வண்டி கிளம்பினால் போதும்.

தலைமையகத்திலிருந்து ஆட்குறைப்பு மேதை தொகுமசு வந்தார். சிமெண்ட் வேகன்கள் கிளம்பும்போது நான் கத்தினேன். கொட்டகையிலிருந்து "சரி!" வந்தது. சேற்றில் இறங்கி எட்டிப்பார்க்க அவருடைய பளபள ஷூ சம்மதிக்கவில்லை.

"இந்தப் பொட்டல் ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரா?"

"நான் ஒருத்தன்தாங்க. அவர் செத்துட்டாருங்க."

"கூட வேலை பாக்கறவரை இப்படியா பேசறது? அந்தக் குரல்ல என்ன சுறுசுறுப்பு! உம்ம குரல்தான்யா செத்துக் கிடக்கு. அவர் இருக்கட்டும், நீர் வீட்டுக்குக் கிளம்பும்."

சாப்பாட்டுப் பெட்டியோடு அடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஆளில்லாத பிளாட்பாரத்திலிருந்து முனகாத்தாவின் குரல் கேட்டது.

"பிளாட்பாரம் காலி!"

பதில் சொல்ல யாருமில்லை. வண்டி நகரவில்லை. பயணிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வீடு போக வேண்டுமே.

ஜன்னலைத் தூக்கி, "சரி" என்றேன்.

வண்டி கிளம்பியது.