துளிர்த்த சோளம்

மாலை வெயில் தொழுவத்துக்குள் சாய்ந்து, தரையில் கிடக்கும் பசுவின் வயிற்றில் விழுகிறது. வயிறு அசையவில்லை. வாயோர நுரையில் ஒரு பச்சைத் தோகை ஒட்டியிருக்கிறது. மழையில்லாமல் காய்ந்த வயலில், அறுத்த சோளக்கட்டையில் துளிர்த்ததை, பசுவின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவள்தான் பார்த்துப் பார்த்துக் கிள்ளி வந்து ஊட்டினாள். “இளசுலதாம்மா விஷமே. முத்தினதுல இவ்வளவு இருக்காது,” என்கிறார் மாட்டு டாக்டர், போடாத ஊசியைப் பெட்டிக்குள் வைத்தபடி. “இவளுக்குப் பல்லு தேஞ்சு போச்சேன்னுதான் சார் இளசாக் கொடுத்தேன்.” ஈ ஒன்று பசுவின் இமையில் உட்கார்கிறது. காது ஆடவில்லை, அவள் கைதான் விரட்டுகிறது. “தூக்க ஆள் வேணும். வீட்டுல வேற யாரும்மா இருக்காங்க?” அவள் பசுவையே பார்க்கிறாள். “இவதான் இருந்தா.”